பெல்ஜியத்தில் நான் கியூபாக்காரனாக இருந்தேன்

கியூபா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் நான் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். அந்த மண்ணை மிதித்ததில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் தெரு முனையில், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், பத்தடி உயரத்துக்கு என் முகத்தைப் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ‘ஐரோப்பாவைக் கலக்கிய கியூபா தாளச் சக்கரவர்த்தி, நம் மண்ணின் மைந்தர்’ என்று எழுதியிருந்தது. படத்தில் எனக்கு முப்பது வயது. சிவப்புச் சட்டை, கை நெடுகச் சுருக்கு வைத்த துணி, இரண்டு கைக்கும் நடுவே காங்கா என்கிற நெட்டை மேளம். அந்த மேளத்தை நான் வாழ்நாளில் ஒரு பாட்டுக்குக்கூட ஒழுங்காக வாசித்ததில்லை.

ஃப்ளெக்ஸ் வைத்தவன் வின்சென்ட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். சனி, ஞாயிறுகளில் கல்யாணத்துக்கும் கோவில் திருவிழாவுக்கும் பேண்டு செட் நடத்துகிறான். நாற்பது வயதாகியும் பரபரப்புக் குறையாதவன். பழைய இசைத்தட்டுகளைச் சேர்க்கிறவர்கள் இணையத்தில் போட்டு வைத்திருந்த ஒரு அட்டைப் படத்தில் ‘பர்னாந்து’ என்ற பெயரையும் என் மூஞ்சியையும் பார்த்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டான்.

“அண்ணாச்சி, இம்புட்டு நாளா இத ஒரு வார்த்த சொல்லலியே. பெல்ஜியத்துல ட்ரம்பெட் ஊதுனேன்னுதான சொன்னீய?”

“ட்ரம்பெட்தாம்ல ஊதுனேன்.”

“அப்பம் இது என்னது?”

“அது ஒரு கத.”

“அந்தக் கதையத்தான் திருவிழா மலருக்கு எழுதித் தாங்கங்கேன். நம்ம செட்டுப் பயக்க படிக்கட்டும்.”

எழுதித் தருகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவன் கேட்டது ஒன்று, நான் எழுதுவது வேறு. அதற்கு அவனே ஒப்புக்கொண்ட பிறகுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

சும்மா விட்டிருந்தால் ஃப்ளெக்ஸோடு போயிருக்கும். ஆனால் வின்சென்ட் அந்தப் படத்துக்குக் கீழே ‘இவர் எங்க ஊர்க்காரர், உயிரோடு இருக்கிறார்’ என்று எழுதிப்போட, கெண்ட் நகரத்திலிருந்து ஒருவர் பதில் போட்டார். பழைய பெல்ஜிய நடன இசையைத் தேடி மறுபடியும் இசைத்தட்டாக வெளியிடுகிறவர். இந்தத் தட்டையும் வெளியிடப் போகிறாராம். அட்டையின் பின்பக்கம் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். அதோடு ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார். படத்தில் என் வலது கையில் தடித்த மோதிரம் இருக்கிறது. காங்கா வாசிக்கிறவர்கள் மோதிரம் போட மாட்டார்கள், விரல் கிழிந்துவிடும். தட்டில் கேட்கிற அடி மோதிரக் கையால் வந்த அடி இல்லை. வாசிக்கும்போது கழற்றி வைத்தீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

“கழட்டி வச்சிட்டுதான் வாசிச்சாருன்னு போட்டுருவமா அண்ணாச்சி?” என்றான் வின்சென்ட். கட்டைவிரல் போன் மேல் தயாராக இருந்தது.

‘பொறு, நாளைக்குச் சொல்லுதேன்’ என்று அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. காலையில் பீச் ரோட்டில் ஒரு நடை, பத்து மணிக்கு இன்னொரு நடை, வெயில் தாழ்ந்து மறுபடியும். வீட்டுக்குள்ளும் முன்வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என் மனைவி பிலோமி, “தரைக்கு வலிக்கப் போவுது, கொஞ்சம் உக்காருங்க” என்றாள்.

நான் இசைக்கு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து மாதா கோவில் பேண்டில் ட்ரம்பெட். சவ ஊர்வலம், சப்பரம், கல்யாணம், எல்லாவற்றுக்கும் ஊதினேன். பிறகு கப்பலில் சமையல்கட்டு உதவியாளாக ஏறினேன். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் எங்கள் கப்பல் கம்பெனி நொடித்துப்போக, கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். ஐந்து மாதம் ஊருக்கும் போக முடியாமல் கப்பலிலும் வேலையில்லாமல் கிடந்தோம். மாலுமிகளுக்காகப் பாதிரியார்கள் நடத்திய ஒரு கூடத்தில் ஞாயிறு பூசைக்கு ட்ரம்பெட் ஊதினேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் யெஃப் என்னைப் பிடித்தார்.

யெஃப் ஒரு பேக்கரிக்காரர் மகன். ஆறடி உயரம், வெளுத்த தலை, கண்ணிமைகூட வெளுப்பு. மேடையில் அவர் பெயர் பெப்பே. பெரிய தொப்பியும் மெக்சிகோ மீசையும் வைத்துக்கொண்டு ஒரு நடனக் குழு நடத்தினார். மீசை ஒட்டு மீசை.

அந்தக் காலத்து பெல்ஜியத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதி நாள் மழை, மீதி நாள் மூட்டம். அந்த ஜனங்களுக்கு வெயிலைப் பற்றிய பாட்டு என்றால் உயிர். ரும்பா, சாச்சா, பொலேரோ, சம்பா என்று தென் அமெரிக்காவிலும் கியூபாவிலும் பிறந்த தாளங்கள் எல்லாம் அங்கே குடியேறியிருந்தன. பாட்டு அவர்களுடைய ஃபிளெமிஷ் மொழியிலோ பிரெஞ்சிலோ இருக்கும். நடுவில் ‘அமோர்’, ‘கொராசோன்’ என்று காதலும் இதயமுமாக இரண்டு ஸ்பானிய வார்த்தை விழும். பின்னால் மராக்காஸ் என்கிற கிலுகிலுப்பை குலுங்கும். குழுக்களின் பெயரும் வாத்தியக்காரர்களின் பெயரும் ஸ்பானியப் பெயர்கள். பத்துப்பேரில் எட்டுப்பேர் ஸ்பெயினைக்கூடப் பார்த்ததில்லை. யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. நம்மூர்க் கல்யாணத்தில் இந்திப் பாட்டு அடிக்கும்போது யாரும் அர்த்தம் கேட்பதில்லையே, அந்த மாதிரிதான்.

யெஃப் எல்லாருக்கும் மேடைப் பெயர் வைத்திருந்தார். என் முறை வந்தபோது பாஸ்போர்ட்டைக் காட்டினேன். லூர்து பர்னாந்து. அவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சிரித்தார். “உனக்கு நான் வைக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள்” என்றார். போர்ச்சுகீசியர்கள் எங்கள் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்து வைத்துவிட்டுப் போன பெயர், இத்தனை தலைமுறைக்குப் பிறகு எனக்கு வேலை வாங்கித் தந்தது.

ஆனால் வேலை அனுமதி வாங்குவது லேசாக இல்லை. ட்ரம்பெட்காரர்கள் பெல்ஜியத்தில் தெருவுக்கு நாலு பேர். அதனால் ‘லத்தீன் அமெரிக்கத் தாளக் கலைஞர், இந்நாட்டில் இப்படி ஆள் கிடையாது’ என்று யெஃப் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் இருந்த அதிகாரி என் பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். “கோவாவா?” என்றார். தலையை ஆட்டினேன். அது நான் அந்த நாட்டில் சொன்ன முதல் பொய். முத்திரை குத்திவிட்டார்கள். மேடையில் நான் ஊதியது ட்ரம்பெட்தான், பேருக்கு இடையிடையே மராக்காஸும் குலுக்குவேன்.

யெஃப்பிடம் வேலை பார்த்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மனிதர் குரலை உயர்த்த மாட்டார். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில். தப்பாக ஊதினால் பக்கத்தில் வந்து நம் நோட்டில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். ஒரே இடத்தில் மூன்று புள்ளி சேர்ந்தால் அடுத்த வாரம் அந்த வரி வேறொருவர் கையில் இருக்கும். மேடையில் ஜனங்களின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பாதத்தைத்தான் பார்ப்பார்.

எங்களுக்கு முக்கியமான மேடை ஆஸ்டெண்ட் கடற்கரையில் ஒரு கூடம். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நடனம். காபியும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு ஆட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் தடுமாறாமல் ஆட வேண்டும். அதற்கு யெஃப் ஒரு சோதனை வைத்திருந்தார். ஒத்திகை அறைத் தரையில் சாக்பீஸால் பாதங்களை வரைவார். அவர் மனைவி கையில் ஒரு தட்டு, தட்டில் ஆறு கோப்பை காபி. நாங்கள் வாசிக்க வாசிக்க அந்த அம்மாள் தட்டோடு அந்தப் பாதங்களின் மேல் ஆடுவார். காபி சிந்தினால் பாட்டு திரும்ப எழுதப்படும். எங்கே சிந்தியதோ அந்த இடத்தில் தாளத்தை ஒரு பிடி பிடித்து, அடியைத் தள்ளி நேராக்கி, மறுபடியும் ஆடச் சொல்வார். ஆறு கோப்பையும் சிந்தாமல் வந்தால்தான் அது மேடைக்குப் போகும். நடனம் முடிந்தபின் அந்தக் காபியை எங்களுக்கே தருவார்கள், ஆறிப்போயிருக்கும்.

அந்தக் காபித் தட்டுக்கு லேசில் அடங்காத கை ஒருவருடையதுதான். அவர் பெயர் பொனிபாஸ்.

பொனிபாஸ் காங்கோ நாட்டுக்காரர். பெல்ஜியம் ஆண்ட நாடு அது. கின்ஷாசாவிலிருந்து படிக்க வந்து, படிப்பு பாதியில் நின்று, மேளத்தோடு தங்கிவிட்டவர். மனைவி, ஒரு மகள், ஒரு மகன். பிரஸ்ஸல்ஸில் இருந்து ரயிலில் வருவார். பொனிபாஸ் என்ற பெயரில் எங்கள் கோவில் தெருவிலேயே மூன்று பேர் உண்டு என்று நான் சொன்னபோது அரைமணி நேரம் சிரித்தார். அன்றிலிருந்து என் பக்கத்தில்தான் உட்காருவார். தகரப் பெட்டியில் வறுத்த நிலக்கடலை கொண்டுவருவார், ஆளுக்குப் பாதி.

வடகடல் ஈரத்தில் மேளத்தோல் தொய்ந்துவிடும். பொனிபாஸ் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, சுவர் ஓரத்து வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மேளத்தைச் சாய்த்து வைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார். காது வைத்துக் கேட்க மாட்டார், கைதான் அவருக்குக் காது. அடியில் இரண்டு கட்டையைக் கொடுத்து மேளத்தைத் தூக்கி வைப்பார், இல்லையென்றால் கீழ்ச்சத்தம் தரைக்குள் அடைபட்டுவிடும். மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றிச் சட்டைப் பைக்குள்.

அந்தக் கியூபா இசைக்கு அடிப்படை ஐந்து அடி. முதல் பாதியில் மூன்று, அடுத்த பாதியில் இரண்டு. இரண்டாவது அடி காலுக்கு நேராக விழாது, கொஞ்சம் முந்தி விழும். அந்த முந்தல்தான் அதன் உயிர். யெஃப்பின் மனைவிக்குக் காபி சிந்தியதும் அங்கேதான். யெஃப் அதை நேராக்கச் சொன்னார். பொனிபாஸ் நேராக்கினார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒத்திகை முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்:

“இது எங்கள் ஆட்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போனபோது அவர்களோடு கியூபாவுக்குப் போன தாளம். பிறகு கிராமபோன் தட்டாக எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தது. என் அப்பா அதைக் கேட்டு, இது நம்முடையதுதானே என்று வாசித்தார். இப்போது நான் அதை ஆஸ்டெண்டில் காபி சிந்தாமல் வாசிக்கிறேன்.”

நாங்கள் தட்டு பதிவு செய்தது அந்தக் குளிர்காலத்தில். ஒரே நாளில் நான்கு பாட்டு. கடைசிப் பாட்டின் முடிவில் எட்டு வரி மேளத்துக்கு மட்டும் விட்டிருந்தார் யெஃப். ஸ்டூடியோவில் சாக்பீஸ் பாதமும் இல்லை, காபித் தட்டும் இல்லை. பொனிபாஸ் எங்களைப் பார்க்கவில்லை. தன் ஊரில் வாசிக்கிற மாதிரி, முந்தலோடு, ஒரு அடியை விழுங்கி அடுத்த அடியை இரண்டாகப் பிளந்து வாசித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யெஃப் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். புள்ளி வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பவும் காதிலேயே செருகிவிட்டு, “அப்படியே இருக்கட்டும்” என்றார். அந்தத் தட்டு ஓடியதே அந்த எட்டு வரிக்காகத்தான்.

ஒரு வாரம் கழித்து அட்டைக்குப் படம் எடுக்கப் போனோம். பொனிபாஸ் மேளத்தைச் சுமந்துகொண்டு வந்தார், புதுச் சட்டை போட்டிருந்தார். தட்டு வெளியிடுகிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் பொனிபாஸைப் பார்த்துவிட்டு யெஃப்பை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். காங்கோ கைவிட்டுப்போன கசப்பு அந்த ஜனங்களிடம் இன்னும் இருந்தது. வீட்டுக்குள் வாங்கி வைக்கிற தட்டின் அட்டையில் அவர்களுக்குக் கியூபா வேண்டும், காங்கோ வேண்டாம். எனக்கோ மாநிறம், சுருட்டைமுடி, பர்னாந்து என்ற பெயர். யெஃப் யாரையும் பார்க்காமல், “லூர்து, நீ உட்கார்” என்றார்.

நான் உட்கார்ந்தேன். ‘இது அவர் மேளம்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவேயில்லை என்றால் அதுவும் பொய். தோன்றியது, ஆனால் சிவப்புச் சட்டை எனக்கு நன்றாக இருந்தது. கோவில் பேண்டில் டிரம் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கிக்கொண்டு மேளத்தின் மேல் கையை வைத்தேன். பொனிபாஸ்தான் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சரியாக வைத்தார். “இப்படி வை, இல்லாவிட்டால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்” என்றார். என் கல்யாண மோதிரத்தை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அட்டையில் காங்காவுக்கு நேரே என் பெயர் அச்சாகி வந்தது. பிறகு தொலைக்காட்சியில் கூப்பிட்டார்கள். அங்கே பாட்டு தானாக ஓடும், நாம் வாசிப்பது மாதிரி கையை ஆட்டினால் போதும். ஆட்டினேன். ஆண்ட்வெர்ப் ட்ராமில் ஜனங்கள் என்னைப் பார்த்து ‘கியூபா’ என்று கையசைத்தார்கள். ஊருக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் இதில் ஒரு வார்த்தை எழுதவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை அப்படி நடக்க வைத்தது. பொனிபாஸ் பெல்ஜியத்தில் தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. படிப்பு இல்லாததால், இசைக்கலைஞராக வேலை செய்கிறார் என்று நிரூபிக்க வேண்டும். அவர் கையில் இருந்த ஒரே சான்று அந்தத் தட்டு. அதில் அவர் பெயர் இல்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக் கடைக்கு என்னைக் கூப்பிட்டார். ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். ‘இந்தத் தட்டில் காங்கா வாசித்தவர் பொனிபாஸ், நான் அல்ல’ என்று இரண்டு வரி. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

“வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்” என்றார். கெஞ்சவில்லை. நான் போடுவேன் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

“ஒருதடவை யெஃப்பிடம் சொல்லிவிட்டுப் போட்டுத் தருகிறேன்” என்று கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

யெஃப் அதைப் படித்துவிட்டு, மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் மெல்லிய குரலில், “போடுவதும் போடாததும் உன் இஷ்டம். ஆனால் உன் அனுமதித் தாளில் நீ தாளக் கலைஞன் என்று இருக்கிறது. வாசித்தது அவர் என்று நீயே எழுதிக் கொடுத்தால், நீ யார் என்று கேட்பார்கள்” என்றார். அவர் பயமுறுத்தவில்லை, உள்ளதைச் சொன்னார். ஊரில் பிலோமி இரண்டு பிள்ளைகளோடு, என் அம்மாவையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் திரும்பிப்போனால் மறுபடியும் கப்பல் அடுப்படி. இதையெல்லாம் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் சொல்லிப் பார்க்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை போனது. ஞாயிறு மதியம் பொனிபாஸ் ஆஸ்டெண்ட் கூடத்துக்கு வந்தார். அன்று அவருக்கு வாசிப்பு இல்லை, யெஃப் வேறு ஆளை வைத்திருந்தார். காபி கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். நான் மேடையில் மராக்காஸ் குலுக்கிக்கொண்டு அவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். இடைவேளை விட்டதும் அவர் மேடைப் பக்கம் நடந்து வருவது தெரிந்தது. நான் சமையல்கட்டு வழியாக வெளியே போய், மழையில், மணல்மேட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. கடிதத்தை அன்றைக்கே கிழித்துவிட்டேன். அடுத்த மாதம் குடும்பத்தோடு கின்ஷாசாவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் இன்னும் ஒன்பது வருடம் கியூபாக்காரனாக இருந்துவிட்டு ஊருக்கு வந்தேன். துறைமுகத்தில் ஒரு ஏஜென்சியில் குமாஸ்தாவாகி, அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

மூன்று நாள் நடைக்குப் பிறகு பிலோமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அந்த மனுசனுக்குப் பிள்ளைக உண்டா?” என்றாள்.

“ரெண்டு. ஒரு பொம்பளப்பிள்ள, ஒரு பையன்.”

“நமக்கும் ரெண்டு.” கையைக் கழுவினாள். “எங்கள வச்சித்தான் இதச் செய்தேன்னு மட்டும் சொல்லாதீய. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே நீய. கேட்டிருந்தா, போட்டுக் குடுத்துட்டு ஊருக்கு வாங்கன்னுதான் சொல்லிருப்பேன்.”

மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வின்சென்டை வரச்சொன்னேன். எல்லாம் கேட்டதும் அவன் முகம் தொங்கிப்போனது.

“ஃப்ளெக்ஸ் வேற வச்சாச்சே அண்ணாச்சி. ஊரெல்லாம் கேக்கும்.”

“கேக்கட்டும். நான் சொல்லுதத அப்படியே அடி.”

அவன் போனை வெளியே எடுத்தான். பிறகு, “ஒருதடவ வாசிச்சிக் காட்டுங்கன்னு பயக்க கேட்டப்பம் முதுகு வலின்னு சொன்னீயளே, அப்பமே நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்தான். அந்த இரண்டு வரியைத்தான் அனுப்பினோம். தட்டில் காங்கா வாசித்தவர் பொனிபாஸ், நான் அல்ல. கெண்ட்காரர், அப்படியானால் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரையோடு வேண்டும் என்றார். கோர்ட்டுப் பக்கம் போய் ஒரு மேசையில் பத்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவு சின்ன வேலை அது. ஃப்ளெக்ஸை வின்சென்ட் மறுநாளே கழற்றினான். தருவைகுளத்தில் அவன் மச்சான் வள்ளத்து வலைக்கு வெயில் படாமல் போர்த்தியிருக்கிறானாம்.

பொனிபாஸைத் தேடிக் கண்டுபிடிக்க கெண்ட்காரருக்கு ஒன்றரை மாதம் ஆனது. அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. மகள் ஜோசெலின் மறுபடியும் பெல்ஜியத்துக்கு வந்து, பிரஸ்ஸல்ஸில் நர்ஸாக இருக்கிறாள். என்னோடு பேச வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அங்கே மதியம், வின்சென்டின் போனில் வீடியோவில் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். அப்பனுடைய நெற்றி அப்படியே இருந்தது. என் பிரெஞ்சு துருப்பிடித்துப் போயிருந்ததால் மன்னிப்புக் கேட்க ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்திருந்தேன். தாளைப் பிரித்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“எங்கள் வீட்டில் அந்தத் தட்டு இருந்தது. அப்பா அதைப் போட்டுக் காட்டி, கடைசியில் வருவது நான்தான் என்பார். அட்டையில் வேறு ஆள் இருக்கிறாரே, வேறு பெயர் இருக்கிறதே என்று கேட்போம். நாங்கள் நம்பவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால், அப்பா இப்போது பொய் சொல்லப் போகிறார் பாருங்கள் என்று நானே சொல்லிச் சிரிப்பேன். எனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஒருநாள் அவர் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். சாகும்வரை பிறகு சொல்லவேயில்லை.”

தாளைக் கீழே வைத்துவிட்டேன். அதில் எழுதியிருந்தது எதற்கும் உதவாது. நாட்டைவிட்டுப் போனார், அதுதான் நான் செய்த கேடு என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை” என்றேன். “வாசித்தது அவர்தான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பொய் சொன்னது நான்.”

அவள் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து உள்ளே யாரையோ கூப்பிட்டாள். போனில் கூரை தெரிந்தது, சுவர் தெரிந்தது, பிறகு நரைத்த தாடியோடு ஒரு ஆள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இது என் தம்பி” என்றாள். “என்னைவிட அதிகமாகச் சிரித்தவன். இவனிடமும் சொல்லுங்கள். முதலிலிருந்து சொல்லுங்கள்.”

முதலிலிருந்து சொன்னேன்.